பெயர் வராத வட்டம்

கூட்டத்தில் ஹாஜரானவர்கள்:

சூப்பிரண்டு சுவக்கீன், தலைமை.

வேதமுத்து, சீனியர் கிளார்க். அன்று காலை முதல் சைபர் பாதுகாப்பு நோடல் ஆபீசர்.

ஷீனா மேடம், மாவட்ட சைபர் ஜாக்ரதா பிரிவு. ஜீப் பூப்பாறை தாண்டிவிட்டதாகத் தகவல் வந்ததால் ஹாஜர் என்றே எழுதப்பட்டது. ஜீப் அன்று வரவில்லை.

லோகேஷ், தற்காலிக டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். நின்றபடி.

ராமலட்சுமி, பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். டீ கொடுக்க வந்தவர். போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இடம், போடிமெட்டில் கேரளப் பக்கம் உள்ள எல்லைப்புற மலைவிளைபொருள் ஆய்வு உபகேந்திரம். மலையிறங்கித் தமிழ்நாட்டுக்குப் போகும் ஏலக்காய் மூட்டைகளில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, சீல் வைத்து, பாஸ் சீட்டு கொடுப்பது இந்த அலுவலகத்தின் வேலை. மோந்து பார்க்காமலும் சீட்டு கொடுக்கலாம். பிரிண்டர் வேலை செய்தால் போதும்.

கூட்டத்துக்குக் காரணம் ஒரு சர்க்குலர். ஒவ்வொரு அலுவலகமும் தன் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளை ஸ்கேன் செய்து படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அடையாளம் தெரியாத கருவி இருந்தால் அதற்குரிய ஆளைக் கண்டுபிடித்து, எடுத்த நடவடிக்கையையும் எழுத வேண்டும்.

இந்த வேலைக்குக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் கருவி ஒன்று உண்டு. அதில் வரிவரியாக எழுத்து மட்டும் வரும். அதிகாரிகள் பயப்படக் கூடாது என்பதற்காக, அதன் மேல் பொத்தான்களும் படமும் வைத்த முகப்பு ஒன்றை மேலிடம் அனுப்பியிருந்தது. முகவரி போட ஒரு கட்டம். எவ்வளவு அழுத்தமாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் அது நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் தட்டிக் கேட்டுவிட்டு, வட்டம் வட்டமாகப் படம் வரையும்.

"இந்த மென்பொருள் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது," என்று வேதமுத்து கூட்டத்தைத் தொடங்கினார். "தெரியாதவனத்தான் நோடல் ஆபீசராப் போடணும்னு பயிற்சியில சொன்னாக. தெரிஞ்சவன் உள்ள பூந்து ஏதாவது செஞ்சிருவான். நம்மால அது முடியாது. அதான் நம்ம பலம்."

லோகேஷ் தன் கணினியில் இருந்ததிலேயே லேசான ஸ்கேனைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினான். படம் வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"நடுவுல இருக்கிறது யாருப்பா?" என்றார் சுவக்கீன்.

"அது என் மெஷின் சார். எதுல இருந்து ஸ்கேன் பண்றமோ அது நடுவுல வரும்."

"நான் எங்க இருக்கேன்?"

லோகேஷ் ஓரத்தில் ஒரு வட்டத்தைக் காட்டினான். அது சிவப்பாக இருந்தது.

சுவக்கீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். வட்டம் அங்கேயேதான் இருந்தது. "டெம்பரவரி நடுவுல. சூப்பிரண்டு ஓரத்துல. அதுவும் சிவப்பா. இத மேல அனுப்புனா என்ன நெனப்பாக?"

"நெறைய வழி தெறந்திருந்தா சிவப்பா காட்டும் சார். உங்க மெஷின்லதான் பிரிண்டரு, ஃபைலு எல்லாம் எல்லாருக்கும் பகிர்ந்து வச்சிருக்கோம்."

"பகிர்ந்து வச்சது குத்தமாப் போச்சாக்கும்," என்றார் ராமலட்சுமி, டம்ளர்களை எடுத்தபடி.

வேதமுத்து அதை மினிட்ஸில் எழுதவில்லை. பகிர்ந்ததையெல்லாம் அடைக்கும்படி உத்தரவிட்டார். லோகேஷ் அடைத்தான். மறு ஸ்கேனில் சூப்பிரண்டு பச்சையானார். கை தட்டினார்கள். அதோடு பாஸ் சீட்டு அச்சாவது நின்றது. வெளியே ஏலக்காய் ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கத் தொடங்கி, வரிசை முதல் கொண்டை ஊசி வளைவு வரை இறங்கியது.

பச்சையானாலும் சுவக்கீன் ஓரத்தில்தான் இருந்தார். அவர் கணினியை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று வேதமுத்து சொன்னார். அணைத்தார்கள். படத்தில் சூப்பிரண்டே இல்லை. அந்தப் படத்தில் அலுவலகம் எந்தக் குறையும் இல்லாமல் இயங்குவது தெரிந்ததால், அதைச் சுவக்கீன் தன் கையாலேயே அழித்தார்.

கடைசியில் வழி கிடைத்தது. முகப்பைச் சூப்பிரண்டின் கணினியில் ஏற்றி, அங்கிருந்து ஸ்கேன் செய்வது. அப்படிச் செய்தால் அவர்தான் நடு. பகிர்ந்ததை மறுபடி திறந்தார்கள். நடு வட்டத்துக்கு நிறம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

"எந்த ஸ்கேன் சார் எடுக்கட்டும்?" என்று லோகேஷ் பட்டியலைத் திறந்தான்.

"இருக்கிறதுலயே கடுமையானது எது?" என்றார் வேதமுத்து. "லேசானத எடுத்தா நாம விஷயத்தையே லேசா எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

சுவக்கீன் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நெட்வொர்க் திணறியது. வெகு நேரம் கழித்துப் படம் வந்தது. நடுவில் சுவக்கீன். சுற்றிலும் ஊழியர்கள், பிரிண்டர், வைஃபை பெட்டி. சுவக்கீன் படத்தை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தார். இந்த முறை வேதமுத்துதான் ஓரத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

ஓரத்தில் ஒரு சிறிய வட்டம். வேறு வட்டங்களின் பக்கத்தில் கம்பெனிப் பெயர் இருந்தது. இதற்கு இல்லை. முகவரி மட்டும் இருந்தது.

முகவரியைப் பார்த்ததும் லோகேஷ் மவுஸிலிருந்து கையை எடுத்தான். அது அவனுடையது.

மேட்டில் மூடுபனி இறங்கினால் போனில் எந்தப் பக்கத்து டவரும் கிடைக்காது. அலுவலகத்தின் பின்னால் வாடகை அறையில் இருக்கும் லோகேஷ், போடி சந்தையில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் வாங்கி வந்து, அலுவலக மச்சின் மேல், ஓடும் உத்திரமும் சேரும் இடத்தில் மாட்டியிருந்தான். அலுவலக வைஃபையை வாங்கி அவன் அறை வரை அது நீட்டிக் கொடுக்கும். அதில் படம் பார்ப்பான், வேலை விளம்பரம் பார்ப்பான். ஸ்கேன் நாள் என்பதால் எல்லோரும் தங்கள் போன்களை அணைத்து டிராயரில் போட்டிருந்தார்கள். அவனும் போட்டிருந்தான். மச்சின் மேல் இருப்பதை மறந்துவிட்டான். அது எப்போதும் தொந்தரவு கொடுக்காத சாமான். முதல் படத்திலும் அது இருந்தது. அப்போது எல்லோரும் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பு சுவக்கீன் மேசையில், கண்ணாடிக் கூட்டின் அடியில் கிடந்தது.

"பேரு வரல சார்," என்றான்.

அது உண்மை. பேர் வரவில்லை.

மறுநாள் காலை வேதமுத்து அந்த வட்டத்துக்கு ஒரு மெமோ தயாரித்தார். 'மேற்படி முகவரியில் அனுமதியின்றி இயங்கிவரும் தாங்கள், இன்று அலுவலக நேரம் முடிவதற்குள் தக்க விளக்கம் தராவிட்டால், விளக்கம் ஏதுமில்லை எனக் கருதப்படும்.' அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நெட்வொர்க்கில் இருக்கிற எதுவும் அலுவலகத்துக்குள் இருக்கிறது, அலுவலகத்துக்குள் இருக்கிற எவரும் போர்டைப் படிக்கக் கடமைப்பட்டவர் என்று காரணம் சொன்னார்.

பிறகு, மெமோ கிடைத்ததா என்று பார்க்க, மறுபடியும் கடுமையான ஸ்கேனை ஓட்டச் சொன்னார்.

ஸ்கேன் பாதியில் இருக்கும்போது பிரிண்டர் தானாகக் கத்தியது. ஒரு தாள் வந்தது. தொடர்ந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஓரிரு வரி, பிறகு வெறும் தாள். எழுத்தும் குறியும் கலந்து கிடந்தன.

வேதமுத்து தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, சுவக்கீனிடம் மரியாதையாக நீட்டினார். "விளக்கம் வந்திருச்சு சார்."

"என்ன பாஷை இது?"

"இங்கிலீஷ் மாதிரி இருக்கு. ஆனா படிச்சா ஒண்ணும் புரியல."

"அப்ப ஆபீஸ் இங்கிலீஷாத்தான் இருக்கும்."

லோகேஷ் குறுக்கிட்டான். "சார், இது வேற. ஸ்கேன் பண்ணும்போது நம்ம மென்பொருள் எல்லா கருவியையும் 'நீ யாரு'ன்னு தட்டிக் கேக்கும். சில பிரிண்டரு, கேக்கிறதையே அச்சடிக்கச் சொல்றாகன்னு நெனச்சு அடிச்சுத் தள்ளிரும். இதுல இருக்கிறது நாம கேட்ட கேள்விதான்."

சுவக்கீன் தாளை மேசையில் வைத்தார். "நாம கேட்டதையே நம்மட்டத் திருப்பிக் கேக்குது. எவ்வளவு திமிரு பாத்தீரா?"

'விளக்கம் திருப்தியாக இல்லை' என்று கோப்பில் எழுதப்பட்டது. பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டதால் அன்று மத்தியானம் வரை பாஸ் சீட்டு கிடையாது. ஜீப் டிரைவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். உள்ளே தேசப் பாதுகாப்பு விஷயம் நடந்துகொண்டிருப்பதாக அவர்களிடம் சொல்லப்பட்டது. அதைக் கேட்டபின் இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஷீனா மேடம் வந்தார். படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவர் நேராக அதன் முன் போய் நின்றார்.

"நான் யாரையும் குற்றம் பறயல," என்றார், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. "பக்ஷே நடவடிக்கைன்னு எழுதின இடம் காலியா விட முடியாது. காலியா விட்டா கம்ப்யூட்டர் அறிக்கையை எடுக்காது. சிவப்பா ஒரு கோடு காட்டும். நான் நாலு ஆபீஸ் கண்டு. எல்லா இடத்துலயும் ஆளு கிடைச்சாச்சு."

பிறகு ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துக் கேட்டார். இது யாருடையது? சூப்பிரண்டு. இது? நோடல் ஆபீசர். இது? லோகேஷ். பிரிண்டருக்கும் வைஃபை பெட்டிக்கும் சூப்பிரண்டே பொறுப்பு. பெயரில்லாத வட்டத்தில் விரல் நின்றது.

"ஆளில்லாத வட்டம் ஒண்ணு," என்றார். "இனி வட்டம் இல்லாத ஆளு யாராவது உண்டோ?"

எல்லோரும் யோசித்தார்கள். கதவருகே ராமலட்சுமி துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

அவரைப் பற்றி அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். ஏலத்தோட்டத்தில் சரிவில் விழுந்து இடுப்பெலும்பு நகர்ந்துவிட்டதால், தோட்டவேலைக்கு அவரை இனி எடுக்க மாட்டார்கள். பகுதிநேர வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு மாவட்டத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. சூப்பிரண்டின் நன்னடத்தைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அது கிடைத்தால் சாகும் வரை கஞ்சிக்குக் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் எங்கும் வேலை இல்லை.

"இவங்களுக்கு மெஷின் ஏதும் இல்லை அல்லே?" என்றார் ஷீனா மேடம்.

"இல்ல மேடம்," என்றார் வேதமுத்து.

"அதாணு. மீதி எல்லாருக்கும் கணக்கு உண்டு. இவங்களுக்கு மட்டும் இல்லை."

ராமலட்சுமிக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன். "இதான் என்கிட்ட இருக்கு. இதுல பேசலாம். வேற ஒரு மண்ணும் பண்ண முடியாது."

வேதமுத்து அதைத் திருப்பிப் பார்த்தார். "இது காட்டுறதுக்குன்னு வச்சிருக்கிறது."

"காட்டுறதுக்கு வைக்கிறவ இதையா வைப்பேன்? உங்க ஐம்பதாயிரத்துப் போன்ல வைப்பேன்."

"ராமலட்சுமி, மேடம் முன்னாடி பேச்ச அடக்கு," என்றார் சுவக்கீன். "இந்த ஆபீசுல எனக்குத் தெரியாம ஒரு துரும்பு அசையாது. அசைஞ்சா அது எனக்குத் தெரியாமத்தான் அசைஞ்சிருக்கும்."

ராமலட்சுமி லோகேஷைப் பார்த்தார். "தம்பி, நீங்கதான் சொல்லணும். அந்தப் பொட்டியில பாத்துச் சொல்லுங்க. தூசி துடைக்கிறதத் தவிர நான் அதத் தொட்டிருக்கனா?"

"தொட்டிருக்கேன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்று வேதமுத்து எழுதினார்.

ஷீனா மேடம் லோகேஷ் பக்கம் திரும்பினார். "டெக்னிக்கல் ஆளு நீங்களல்லே? இது இவங்களோடது இல்லைன்னு உறப்பாச் சொல்ல முடியுமா?"

எளிய கேள்வி. பதிலும் அவனுக்குத் தெரியும். மச்சைக் கைகாட்டினால் போதும். கண்ணாடிக் கூட்டின் அடியில் கோப்பின் ஓரம் தெரிந்தது. இன்னும் ஒரு கையெழுத்துதான். இன்று வேண்டாம், நாளை சாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கோழைத்தனம் தனக்கென்று எப்போதும் ஒரு நாளை வைத்திருக்கும்.

"பாக்கணும் மேடம்," என்றான்.

'தொழில்நுட்ப நிபுணர் மறுக்கவில்லை' என்று எழுதப்பட்டது. நடவடிக்கைக் கட்டம் நிரம்பியது. கம்ப்யூட்டர் அறிக்கையை எடுத்துக்கொண்டது. ராமலட்சுமிக்கு மறுநாள் சாயந்திரத்தோடு வேலை இல்லை.

அவர் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு லோகேஷுக்கு டீ கொண்டுவந்தார். எப்போதும் கொண்டுவருகிற நேரம் அது. சர்க்கரை கூடிப் போயிருந்தது. கை தவறியிருக்கும். லோகேஷ் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு அடிவரை குடித்தான். இவ்வளவு சுலபமான தண்டனை கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

காலையில் முதல் வேலையாக மச்சில் ஏறினான். ரிப்பீட்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கி, சூப்பிரண்டின் மேசையில், கோப்பின் மேலேயே வைத்தான்.

"சார், அந்த வட்டம் இதுதான். நான் வச்சது. ராமலட்சுமி அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

சுவக்கீன் அதைத் தொடாமல் பார்த்தார். வேதமுத்துவைக் கூப்பிட்டார். வேதமுத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுல லைட்டே எரியலையே."

"பிளக்குல இருந்து உருவிட்டேன் சார்."

"சும்மா சொன்னா ஆகாது. ஸ்கேன் பண்ணிப் பாத்துருவம்."

சுவக்கீன் சிலுவை போட்டுப் பொத்தானை அழுத்தினார். படம் வந்தது. நடுவில் சூப்பிரண்டு. ஓரத்தில் ஒன்றுமில்லை. பெயரில்லாத வட்டம் போயிருந்தது.

வேதமுத்து எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "சார். நேத்து அந்தம்மாளுக்கு ஆர்டர் கொடுத்தோம். இன்னைக்கு வட்டத்தக் காணோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"சார், நான் கரண்டப் பிடுங்குனதாலதான் போச்சு. திரும்ப மாட்டுனா திரும்ப வரும். மாட்டிக் காட்டுறேன்."

"சுத்தமா வந்திருக்கிற படத்தக் கெடுக்கச் சொல்றியா?" என்றார் சுவக்கீன். "எத்தன நாள் பாடு இது?"

லோகேஷ் ரிப்பீட்டரை எடுக்கக் கை நீட்டினான். வேதமுத்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவக்கீன் ஷீனா மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னார்.

"லோகேஷ் நல்ல பையன்," என்றது ஷீனா மேடத்தின் குரல். "பாவப்பட்ட ஸ்திரீயைக் காப்பாத்த குற்றத்தைத் தன் தலையில போட்டுக்குறான். இப்பத்த பிள்ளைங்க யாரு இப்படிச் செய்வா? பக்ஷே ரிப்போர்ட் போயாச்சு. மேல எல்லாரும் சந்தோஷம். ஊடுருவலக் கண்டுபிடிச்சு நீக்கினதுக்கு உங்க கேந்திரத்தோட பேரு சொல்லிட்டிருக்காங்க."

"சத்தியமா என்னுதுதான் மேடம்," என்றான் லோகேஷ்.

"கண்டோ? இப்பவும் விடல. இப்படி மனசாட்சி உள்ள ஆளுதான் நெட்வொர்க்குக் காவலுக்கு வேணும்."

சுவக்கீன் கண்ணாடிக் கூட்டை நகர்த்திக் கோப்பை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நெட்வொர்க் காவலர் என்ற பொறுப்பும் சேர்ந்தது. ரிப்பீட்டர் வீணாக வேண்டாம் என்று வேதமுத்து அதைச் சூப்பிரண்டின் அறையில் மாட்டினார். அங்கே சிக்னல் குறைவு என்று வெகுநாளாகக் குறை இருந்தது. அடுத்த ஸ்கேனில் அந்த வட்டம் பழைய இடத்துக்கே வந்தது. பக்கத்தில் 'சூப்பிரண்டு' என்று தட்டச்சு செய்தார்கள்.

"சார், அதே வட்டம்தான்," என்றான் லோகேஷ்.

"இப்ப பேரு இருக்குல்ல," என்றார் வேதமுத்து.

சர்க்குலரின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. வைஃபை பெட்டியையும் அதன் வயர்களையும் பூட்டிய அறையில் வைக்க வேண்டும், காவலர் கூடவே இருக்க வேண்டும், காவலும் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. வேதமுத்து இதை ஒருமுறைக்கு இருமுறை படித்து ஒரு முடிவுக்கு வந்தார். காவலர் உள்ளே, சாவி வெளியே. ஏலக்காய் மாதிரிகளைக் கொட்டி வைக்கும் பின்னறையில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அலுவலகச் சாவிகள் வழக்கப்படி துப்புரவுப் பணியாளரிடம் இருப்பவை. புதிய ஆள் இன்னும் வரவில்லை. ராமலட்சுமிக்குச் சாயந்திரம் வரை வேலை இருந்தது. அதனால் அவர்தான் பூட்ட வேண்டும்.

பின்னறை வாசலில் இருவரும் நின்றார்கள். ராமலட்சுமி கொத்தில் சாவி தேடினார்.

"அக்கா, அந்த வட்டம் என்னுதுதான்."

"ம்."

"சார்ட்ட சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்காக."

"எப்பச் சொன்னீக?"

"இன்னைக்குக் காலையில."

அவர் ஒரு சாவியைப் பூட்டில் வைத்துப் பார்த்தார். அது சேரவில்லை. அடுத்ததை எடுத்தார்.

"நேத்து மேடம் கேக்கும்போதே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"சரி."

"மாவட்ட ஆபீசுக்கு எழுதிப் போடுதேன். கலெக்டருக்கும் எழுதுதேன். நான் விட மாட்டேன்க்கா."

"எழுதுங்க. உள்ள மேச கெடக்கு." கதவைத் திறந்து பிடித்தார். "நெல தாழ்வா இருக்கும். குனிஞ்சு போங்க."

லோகேஷ் குனிந்து உள்ளே போனான். பழைய ஏலக்காய் நெடி மூக்கில் ஏறியது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. அவன் திரும்பினான்.

"சாயந்திரம் யாருக்கா வந்து தெறப்பா?"

ராமலட்சுமி கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியலையே தம்பி," என்றார். "நான் அஞ்சரை ஜீப்புக்குப் போயிருவேன்."

கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டு விழுந்தது. எல்லாக் கதவுக்கும் செய்வதுபோல, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.